நிலவறை மேடையில் ஒரு விண்ணப்பம்



இம்மாதம் எழுத எடுத்துக்கொண்ட செய்தி, நம் இல்லங்களில் குடும்ப ஜெபத்துக்குப் பின் பேசப்படும் வகையைச் சேர்ந்ததல்ல. அது ஓர் அழகிப் போட்டியைப் பற்றியது. இந்தப் பத்திரிகையில் இது எதற்கு என்று பக்கத்தைத் திருப்பிவிடாதேயுங்கள். சற்றுப் பொறுமையோடு வாசியுங்கள்.

1993-ஆம் ஆண்டு மே மாதம் 29-ஆம் தேதி, ஐரோப்பாவின் தென்கிழக்கிலுள்ள போஸ்னியா நாட்டின் தலைநகரமாகிய சாரயேவோவில், ஒரு கட்டடத்தின் நிலவறையில் அந்தப் போட்டி நடந்தது. 'முற்றுகையிடப்பட்ட சாரயேவோவின் அழகி' என்பதே பட்டத்தின் பெயர். இனெலா நோகிச் என்னும் 17 வயதுப் பெண் தெரிந்தெடுக்கப்பட்டு, முடி சூட்டப்பட்டார். மற்ற தேசங்களில் நடப்பதுபோலவே மேடையும் நடையும் நீச்சலுடைச் சுற்றும் கைதட்டலும் அங்கேயும் இருந்தன. ஆனால் மற்ற தேசங்களில் நடவாத ஒன்றும் நடந்தது. போட்டியிட்ட பெண்கள் அனைவரும் மேடையின் முன்புறத்தில் வரிசையாக நின்று, நீளமான ஒரு துணியை விரித்துப் பிடித்தார்கள். அவர்கள் எங்களைக் கொன்றுபோட விட்டுவிடாதேயுங்கள் என்று அதில் பெரிய எழுத்துகளில் எழுதப்பட்டிருந்தது.

எழுதப்பட்டிருந்தது ஆங்கிலத்தில் என்பதைக் கவனிக்கவேண்டும். அந்த நகரத்தார் வீட்டிலும் வீதியிலும் பேசுகிற மொழி ஆங்கிலமல்ல. நிலவறைக்குள் உட்கார்ந்திருந்த தாய் தகப்பன்மாருக்கும் அயலகத்தாருக்கும் அந்த வாசகத்தைச் சொல்லவேண்டிய அவசியமும் இல்லை, அது அவர்களுடைய அன்றாட வாழ்க்கை. துணியின் முகம் புகைப்படக் கருவிகளை நோக்கித் திருப்பப்பட்டிருந்தது. அந்தக் கருவிகளுக்குப் பின்னால் இருந்தவர்களுக்காக, அதாவது வெளியுலகத்தாருக்காக, அது எழுதப்பட்டது.

சாரயேவோ எப்படிப்பட்ட நகரம் என்று சற்றுச் சொல்லவேண்டும். மலைகள் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கில், மில்யாட்ஸ்கா என்னும் சிறு நதியின் இரு கரைகளிலும் நீண்டு கிடக்கும் ஊர் அது. மசூதியும், கத்தோலிக்கப் பேராலயமும், ஆர்த்தடாக்ஸ் ஆலயமும், யூதரின் ஜெப ஆலயமும் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடந்தே போய்விடும் தூரத்தில் இருக்கின்றன. 1984-ஆம் ஆண்டு பிப்ரவரியில் குளிர்கால ஒலிம்பிக் விளையாட்டுகள் அங்கேதான் நடந்தன. எட்டு ஆண்டுகள் கழித்து, யூகோஸ்லாவியா என்னும் தேசம் துண்டு துண்டாக உடைந்தபோது, போஸ்னியா தனிநாடாவதை எதிர்த்த செர்பியப் படைகள் நகரைச் சுற்றியிருந்த மலைகளைப் பிடித்துக்கொண்டு பீரங்கிகளை நிறுத்தின. ஒலிம்பிக்கின் பனிச்சறுக்கு வண்டிகள் ஓடிய பாதை அமைந்திருந்த ட்ரெபெவிச் மலையும் பீரங்கி மேடையாயிற்று.

முற்றுகை 1992 ஏப்ரல் 5 அன்று தொடங்கி, 1996 பிப்ரவரி 29 அன்று முடிந்தது. மொத்தம் 1,425 நாட்கள். நேபுகாத்நேச்சார் எருசலேமை வளைந்துகொண்டிருந்த காலத்தை இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் 25-ஆம் அதிகாரத்தின்படி கணக்கிட்டால் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு வரும். சாரயேவோ அதைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான காலம் அடைபட்டுக் கிடந்தது. நகரத்தின்மேல் சராசரியாக நாளொன்றுக்கு 300-க்கும் மேற்பட்ட குண்டுகள் விழுந்தன. 1993 ஜூலை 22 அன்று ஒரே நாளில் 3,777 குண்டுகள் விழுந்ததாக ஐக்கிய நாடுகளின் நிபுணர் குழு கணக்கெடுத்திருக்கிறது.

குழாயில் தண்ணீர் வரவில்லை. மின்சாரம் இல்லை, எரிவாயு இல்லை. பூங்காக்களிலிருந்த மரங்களை வெட்டி அடுப்பெரித்தார்கள், மரங்கள் தீர்ந்தபின் மேசை நாற்காலிகளையும் புத்தகங்களையும் எரித்தார்கள். நகரத்துப் பழைய பீர் ஆலையின் ஊற்றிலிருந்துதான் பலருக்கும் குடிநீர் கிடைத்தது. (மதுவை வெறுக்கும் நமக்கு இது விநோதமாய்த் தோன்றும். ஆனால் தாகத்தினால் சாகவிருந்த ஜனங்களுக்குக் கர்த்தர் அந்த ஆலையின் நிலத்தடியிலும் ஊற்றை வைத்திருந்தார்.) தாராவியிலும் கோவண்டியிலும் விடியுமுன்னே குடத்தோடு வரிசையில் நின்ற நம் தாய்மாருக்குத் தண்ணீருக்கு நிற்பது இன்னதென்று சொல்லித் தரவேண்டியதில்லை. சாரயேவோவிலோ, வரிசையில் நிற்பதே உயிரைப் பணயம் வைப்பதாயிருந்தது. ரொட்டிக்கு நின்றவர்கள்மேலும் தண்ணீருக்கு நின்றவர்கள்மேலும் குண்டு விழுந்தது. நகரத்தின் பெரிய சாலையில் தெருவைக் கடப்பவர்களை மலைமேலும் மாடிகளிலும் ஒளிந்திருந்த துப்பாக்கிக்காரர் குறிபார்த்துச் சுட்டார்கள்.

அப்படிப்பட்ட ஊருக்குச் சென்று வந்த செய்தியாளர் பலர் ஒன்றை வியப்போடு எழுதினார்கள். அந்நகரத்துப் பெண்கள் தலைவாரி, உதட்டுக்குச் சாயமிட்டு, தங்களிடமிருந்த நல்ல உடையை உடுத்திக்கொண்டுதான் வீதிக்கு வந்தார்கள் என்பதே அது. அரை வாளித் தண்ணீரில் குடும்பமே கழுவிக்கொள்ளவேண்டிய நாட்களில் இது எதற்கு என்று நாம் கேட்போம். மலைமேல் இருந்தவர்கள் எதைக் காண விரும்பினார்கள் என்று எண்ணிப்பார்த்தால் விடை கிடைக்கும். அழுக்கேறி, ஒடுங்கி, வளைக்குள்ளிருந்து எலிபோல ஓடிவரும் ஜனத்தைக் காண விரும்பினார்கள். அந்தக் காட்சியை அவர்களுக்குக் கொடுப்பதில்லை என்று அந்தப் பெண்கள் தீர்மானித்துக்கொண்டார்கள்.

சமாரியா முற்றுகையிடப்பட்ட சம்பவத்தை நீங்கள் வாசித்திருப்பீர்கள். கழுதையின் தலை எண்பது வெள்ளிக்காசுக்கு விற்ற காலம் அது. அலங்கத்தின்மேல் நடந்துபோன ராஜா, ஒரு தாயின் கொடிய முறையீட்டைக் கேட்டுத் தன் வஸ்திரங்களைக் கிழித்தபோது, உள்ளே தன் சரீரத்தின்மேல் அவன் இரட்டுடுத்தியிருந்ததை ஜனங்கள் கண்டார்கள் (2 இராஜாக்கள் 6:30). வெளியே பார்த்தவர்களுக்கு அதுவரை ராஜவஸ்திரம் மாத்திரமே தெரிந்தது. சாரயேவோவின் பெண்களைப்பற்றி வாசிக்கும்போதெல்லாம் அந்த வசனமே நினைவுக்கு வருகிறது.

அந்த மே மாதத்தில் அங்கே வேறென்ன நடந்தது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். மே 6-ஆம் தேதி ஐக்கிய நாடுகளின் பாதுகாப்பு அவை, சாரயேவோவைப் பாதுகாப்பான பகுதி என்று தீர்மானம் போட்டு அறிவித்தது. அதன்பின் இரண்டு வாரத்துக்குள், வெர்பான்யா பாலத்தின் வழியாக நகரத்தைவிட்டு வெளியேற முயன்ற போஷ்கோ பிர்கிச், அத்மிரா இஸ்மிச் என்னும் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர் செர்பியர், அவள் போஸ்னிய முஸ்லிம் குடும்பத்துப் பெண். இருவருக்கும் வயது 25. எந்தப் பக்கத்தாரும் துணிந்து போக முடியாதபடியினால் அவர்களுடைய சடலங்கள் பல நாட்கள் பாலத்தருகே அப்படியே கிடந்தன. முற்றுகையின் முதல் நாளில் சுவாதா, ஓல்கா என்னும் இரண்டு பெண்கள் சுடப்பட்டு விழுந்ததும் அதே பாலத்தில்தான். அழகிப் போட்டி முடிந்த மூன்றாம் நாள், அதாவது ஜூன் 1 அன்று, தோப்ரின்யா என்னும் குடியிருப்பில் வாலிபர் நடத்திய கால்பந்தாட்டத்தின் நடுவே குண்டுகள் விழுந்தன. பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், ஏறக்குறைய நூறு பேர் காயப்பட்டார்கள். போட்டி ஏன் நிலவறையில் நடந்தது என்பது இப்போது விளங்கும்.

இப்பொழுது நம்முடைய காரியத்துக்கு வருவோம்.

அழகிப் போட்டி என்றால் நமக்கு ஒரே பதில்தான் உண்டு. 1994-இல் இந்தியாவைச் சேர்ந்த இரு பெண்கள் பிரபஞ்ச அழகியாகவும் உலக அழகியாகவும் ஒரே ஆண்டில் தெரிந்தெடுக்கப்பட்டபோது நம் பிரசங்க பீடங்கள் அதைப்பற்றி எச்சரித்தன. 1996 நவம்பர் 23 அன்று உலக அழகிப் போட்டி பெங்களூரின் சின்னசாமி விளையாட்டரங்கத்தில் நடந்தபோது தேசமெங்கும் எதிர்ப்பு எழும்பிற்று. நீச்சலுடைச் சுற்றைச் செஷல்ஸ் தீவுக்கு மாற்றினார்கள். எதிர்ப்புத் தெரிவிக்க மதுரையில் ஒரு வாலிபன் தீக்குளித்து மரித்தான். பெங்களூரில் வாழும் நம் சபையார் பலருக்கு அந்த நாட்கள் மறந்திருக்காது. பெண்பிள்ளைகளின் சரீரத்தை நிறுத்தி அளந்து மதிப்பெண் போடுவது தேவன் மனுஷருக்குக் கொடுத்த கனத்துக்கு ஏற்றதல்ல என்பதே என் நிலைப்பாடு. சாரயேவோவின் கதையைச் சொல்வதனால் அதில் ஒன்றும் மாறிவிடவில்லை. முகப்பூச்சு விற்கும் கம்பெனிகளுக்கு அந்தப் போட்டிகள் விளம்பர மேடை என்பதும் யாவரும் அறிந்ததே.

ஆனால் நாம் எந்த வசனங்களைக் கொண்டு பேசுகிறோம் என்பதைச் சற்று நிதானிக்கவேண்டும். அலங்காரத்தைக் கண்டிக்கும்போது நம் போதகர்கள் உடனே யேசபேலிடம் போவார்கள். அவள் கண்களுக்கு மையிட்டு, தலையைச் சிங்காரித்துக்கொண்டு ஜன்னல் வழியாய் எட்டிப்பார்த்தாள் என்பது உண்மை. யெகூ படையோடு பட்டணத்துக்குள் வருகிற நேரத்தில்தான் அதைச் செய்தாள். ஆகவே சாரயேவோவின் பெண்களையும் யேசபேல் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அவள்மேல் வந்த தீர்ப்பு எதற்காக வந்தது? நாபோத்தின் திராட்சத்தோட்டத்துக்காகப் பொய்ச்சாட்சிகளை ஏற்படுத்தி, குற்றமற்ற ஒரு மனுஷனைக் கல்லெறிந்து கொல்லுவித்ததற்காக வந்தது (1 இராஜாக்கள் 21). கர்த்தருடைய ஊழியக்காரரின் இரத்தத்துக்காக வந்தது (2 இராஜாக்கள் 9:7). எலியா அவளுடைய கண்மையைக் குறித்து ஒரு வார்த்தையும் பேசவில்லை.

ஏசாயா 3-ஆம் அதிகாரமும் அப்படியே. சீயோன் குமாரத்திகளின் தண்டைகளையும் சிலம்புகளையும் முத்திரை மோதிரங்களையும் நாம் ஒவ்வொன்றாய் எண்ணி வாசிக்கிறோம். அதற்கு முந்தின இரண்டு வசனங்களில் என்ன இருக்கிறது? மூப்பரும் பிரபுக்களும் நியாயம் விசாரிக்கப்படுகிறார்கள். எளியவனிடத்தில் கொள்ளையிட்ட பொருள் அவர்கள் வீடுகளில் இருக்கிறது. அந்த வீடுகளின் பெண்கள் அணிந்த நகைகளைக் குறித்தே அடுத்த வசனங்கள் பேசுகின்றன. மூப்பரைத் தாண்டிக் குமாரத்திகளிடத்துக்கு நாம் மட்டும் விரைந்து போய்விடுகிறோம்.

சரி, வேதத்தில் அழகிப் போட்டி என்று சொல்லத்தக்க காரியம் ஒன்று உண்டா? உண்டு, பிரியமானவர்களே. எஸ்தர் புஸ்தகத்தின் 2-ஆம் அதிகாரம் அதுவே. அகாஸ்வேரு ராஜாவின் 127 நாடுகளிலுமிருந்து அழகான கன்னிப்பெண்கள் சூசான் அரமனைக்குச் சேர்க்கப்பட்டார்கள். ஆறு மாதம் வெள்ளைப்போளத் தைலத்தினாலும், ஆறு மாதம் சுகந்தவர்க்கங்களினாலும் அவர்கள் சரீரம் ஆயத்தமாக்கப்பட்டது. ஒரு வருஷம்! இன்றைய எந்த அழகு நிலையமும் அவ்வளவு காலம் எடுத்துக்கொள்வதில்லை. தாயும் தகப்பனும் இல்லாத, சிறையிருப்பில் வந்த ஜனத்தின் பெண்ணாகிய எஸ்தர் அங்கே கொண்டுபோகப்பட்டாள். தானாக விண்ணப்பித்துப் போனதாக வேதம் சொல்லவில்லை. நாம் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு எஸ்தரைச் சொல்லிக்கொடுக்கும்போது இந்த அதிகாரத்தை இரண்டு வரியில் கடந்துவிடுகிறோம். கிரீடம் மாத்திரம் படத்தில் இருக்கும்.

பின்பு ஆமானின் கட்டளை பிறந்தது. சிறியோர் பெரியோர், குழந்தைகள் ஸ்திரீகள் எல்லாரையும் ஒரே நாளில் அழிக்கும்படி அஞ்சற்காரர் கையில் கடிதங்கள் போயின. ராஜாவும் ஆமானும் குடிக்க உட்கார்ந்தார்கள், சூசான் நகரமோ கலங்கிப்போயிற்று (எஸ்தர் 3:15). உலகத்தின் நிலவரத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதமுடியாது.

அப்போது மொர்தெகாய் இரட்டுடுத்திச் சாம்பல் போட்டுக்கொண்டு அரமனை வாசலில் நின்றான். எஸ்தர் முதலாவது செய்தது என்ன? அவன் இரட்டைக் களைந்துவிட்டு உடுத்தும்படி வஸ்திரங்களை அனுப்பினாள் (எஸ்தர் 4:4). அவனோ ஏற்றுக்கொள்ளவில்லை. துக்கத்தின் காரணத்தை அறியாமல் துக்கத்தின் உடையை மாற்றப் பார்த்தாள் அவள். பின்புதான் ஆத்தாகு என்பவனை அனுப்பி, இது என்ன, எதினிமித்தம் என்று விசாரித்தாள்.

காரணம் தெரிந்தபின் மூன்று நாள் உபவாசம். புசிக்காமலும் குடிக்காமலும் இருந்த உபவாசம். நாம் உபவாச ஜெபத்துக்கு மிகவும் மேற்கோள் காட்டுகிற பகுதி இது. உபவாசத்தின் மூன்றாம் நாளில் எஸ்தர் செய்ததையும் வாசியுங்கள். அவள் ராஜவஸ்திரம் தரித்துக்கொண்டாள் (எஸ்தர் 5:1). மூன்று நாள் பட்டினி கிடந்த சரீரத்தின்மேல், மரணம் நிச்சயமென்று அறிந்த வேளையில், தன்னிடமிருந்த மிகச் சிறந்த உடையை உடுத்தி, ராஜா பார்க்கும் இடத்தில் போய் நின்றாள். அழைக்கப்படாமல் உள்ளே போகிறவர்களுக்குச் சாவு என்பது சட்டம். ராஜாவின் கண் எதைப் பார்க்கும் என்பதை அவள் அறிந்திருந்தாள். இரட்டுடுத்தியவர் யாரும் அந்த அரமனை வாசலுக்குள் நுழையக்கூடாது என்பதும் எழுதியிருக்கிறது. ஆகவே இரட்டை உள்ளத்திலும் ராஜவஸ்திரத்தைச் சரீரத்திலும் உடுத்திக்கொண்டாள். அவள் கேட்டது என்ன? 7-ஆம் அதிகாரத்தில் விருந்தின் நடுவே ராஜா கேட்டபோது அவள் சொன்னதன் சாரம் இதுதான்: என் உயிரும் என் ஜனத்தின் உயிரும் எனக்கு வேண்டும், எங்களைக் கொன்றுபோட விற்றுவிட்டார்கள்.

சாரயேவோவின் மேடையில் விரிக்கப்பட்ட துணியில் இருந்ததும் அதுவல்லாமல் வேறென்ன?

அந்தப் பெண்களுக்கு எஸ்தர் புஸ்தகம் தெரிந்திருக்குமா என்பது காரியமல்ல. போட்டியை நடத்தியவர்கள் பரிசுத்தவான்கள் என்றும் சொல்லவில்லை. உலகம் எதைப் பார்க்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். பதினான்கு மாதங்களாக உலகம் அந்நகரத்தின் சடலங்களை இரவுச் செய்தியில் பார்த்துவிட்டு உறங்கப்போய்க்கொண்டிருந்தது. அழகான முகங்களைக் காட்டினால் ஒருவேளை சற்று நின்று வாசிப்பார்கள் என்று நம்பினார்கள். அந்தக் கணக்கில் வெட்கப்படவேண்டியது யார்? மேடையில் நின்றவர்களைவிடப் பார்த்துக்கொண்டிருந்தவர்களே அதிகமாக வெட்கப்படவேண்டும் என்று எண்ணுகிறேன்.

உலகம் பார்த்தது. பில் கார்ட்டர் என்னும் அமெரிக்கர் அந்தப் போட்டியைப் படமெடுத்தார். அவர் மூலமாக 'யூ டூ' என்னும் புகழ்பெற்ற அயர்லாந்து இசைக்குழு அதை அறிந்தது. 1993-ஆம் ஆண்டு கோடையில் ஐரோப்பாவில் அவர்கள் நடத்திய இசை நிகழ்ச்சிகளின் நடுவே செயற்கைக்கோள் வழியாகச் சாரயேவோவின் ஜனங்களைப் பெரிய திரையில் பேசவைத்தார்கள். லண்டன் வெம்பிளி அரங்கத்தில் அப்படித் தோன்றிய பெண்களில் ஒருவர், நீங்கள் உங்கள் பாட்டுக்குத் திரும்பிவிடுவீர்கள், நாங்கள் இருப்பதையே மறந்துபோவீர்கள், நாங்கள் செத்துப்போவோம் என்ற கருத்தில் பேசினார். அதன்பின் பாட்டு நடக்கத்தான் செய்தது. 1995-இல் அந்தப் போட்டியின் பெயராலேயே ஒரு பாடல் வெளிவந்தது. இத்தாலியின் பெரிய பாடகர் பவரொத்தியும் அதில் பாடினார். பாடல் உலகமெங்கும் ஒலித்தது.

முற்றுகை தொடர்ந்தது. போட்டி நடந்த நாளில், விமான நிலையத்தின் அடியே நகரத்தார் ஒரு சுரங்கப்பாதையைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஏறக்குறைய 800 மீட்டர் நீளம், நிமிர்ந்து நடக்க முடியாத உயரம். ஜூலை மாத முடிவில் அது திறந்தது. அந்நகரத்துக்கு உணவும் மருந்தும் ஆயுதமும் கொண்டுவந்த வழி அது. வெளியுலகம் அனுப்பிய உதவியும் விமானத்தில் வரத்தான் செய்தது. அதில் வந்த டின் மாட்டிறைச்சியை நகரத்தார் எவ்வளவு வெறுத்தார்கள் என்றால், 2007-இல் அந்த டின்னுக்கே ஒரு பெரிய சின்னம் எழுப்பி, சர்வதேச சமுதாயத்துக்கு நன்றி என்று கேலியாய் எழுதி வைத்திருக்கிறார்கள். 1994 பிப்ரவரி 5 அன்று மார்க்கலே சந்தையில் விழுந்த ஒரே குண்டில் 68 பேர் மாண்டார்கள். 1995 ஆகஸ்டு 28 அன்று அதே சந்தையருகே 43 பேர் மாண்டபின்தான் நேட்டோ விமானங்கள் மலைமேலிருந்த பீரங்கிகளைத் தாக்கின. துணி விரிக்கப்பட்ட நாளிலிருந்து எண்ணினால் இரண்டு ஆண்டு மூன்று மாதம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நான் உண்மையுள்ளவனாயிரேன். மலைமேலிருந்து சுட்டவர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவப் பெயர் தரித்தவர்கள். கீழே அடைபட்டிருந்தவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அவர்களோடு செர்பியரும் குரோவாசியரும் ஓடிப்போகாமல் தங்கி, ஒரே தண்ணீர் வரிசையில் நின்றார்கள். யோவான் டிவ்யாக் என்னும் செர்பியத் தளபதி நகரத்தைக் காத்த படையிலே இருந்தார். முற்றுகைப் படையின் தளபதிகளில் ஒருவரான ஸ்தானிஸ்லாவ் காலிச்சுக்கு 2006-இல் சர்வதேச நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. போஸ்னிய செர்பியரின் தலைவராயிருந்த ரதோவான் கராஜிச்சுக்கு 2019-இல் ஆயுள் தண்டனை கிடைத்தது. இந்தக் கராஜிச் அதே சாரயேவோவில் மனநல மருத்துவராய் வேலை செய்தவர், தான் வாழ்ந்த நகரத்தின்மேலேயே பீரங்கிகளைத் திருப்பியவர்களுக்குத் தலைவர் ஆனார். 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் மும்பையில் கலவரம் நடந்ததை நம்மில் பலர் கண்ணாரக் கண்டோம். 900 பேர் மரித்ததாக ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் பின்பு கணக்கிட்டது. அக்கம்பக்கத்தார் ஒருவர்மேல் ஒருவர் எழும்புவது எவ்வளவு சீக்கிரத்தில் நடக்கும் என்பதைத் தாராவியின் சந்துகளில் ஊரடங்கு நாட்களில் கதவைத் தாழிட்டு ஜெபித்தவர்கள் அறிவார்கள்.

இவ்வளவையும் எழுதுவதற்குக் காரணம் நம் வீட்டுப் பெண்பிள்ளைகள்.

ஊரைவிட்டு நகரத்துக்கு வந்த நாம் அவர்களை வேலைக்கு அனுப்புகிறோம். அவர்கள் சம்பளத்தில்தான் பல வீடுகளில் வாடகை கட்டப்படுகிறது. பெரிய கடைகளிலும் ஓட்டல் வரவேற்பிலும் வேலை செய்கிற பிள்ளைகளுக்கு, தலையை இப்படி வாரவேண்டும், உதட்டுக்குச் சாயம் போடவேண்டும் என்று முதலாளிகளே சட்டம் வைத்திருக்கிறார்கள். போடாவிட்டால் வேலையில்லை. சனிக்கிழமை இரவு வேலை முடிந்து கடைசி ரயிலில் வந்து, விடியற்காலையில் எழுந்து, வெள்ளை வஸ்திரம் உடுத்தி ஆராதனைக்கு வருகிற பிள்ளையின் நகத்தில் அழியாமல் மிஞ்சியிருக்கும் சாயத்தை நம் சபையார் உடனே கண்டுகொள்கிறார்கள். ஆராதனை முடியுமுன்னே அது பேச்சாகிவிடுகிறது. அந்தப் பிள்ளை நாள் முழுவதும் உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே வேலை செய்கிறாள் என்பதோ, கண்காணிப்பாளன் ஒருவன் தகாத வார்த்தை பேசுகிறான் என்பதோ, ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வரும் இருட்டுச் சந்தில் ஒருவன் பின்தொடர்கிறான் என்பதோ யாருக்கும் தெரியாது. கேட்டால் அல்லவோ அவள் சொல்வாள். கண்டிப்பு என்னும் வஸ்திரத்தை மாத்திரம் அனுப்பிவைக்கிறோம், ஆத்தாகை அனுப்புவதில்லை.

வஸ்திரத்தைக் குறித்த ஒழுங்கு வேண்டாம் என்கிறேனா? இல்லை. அந்த ஒழுங்கில் வளர்ந்தவன்தான் நானும், அதை மதிக்கிறேன். ஒரு போதகர் தன் சபையின் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லட்டும். ஆனால் முதலில் சொல்லவேண்டியது எது, பின்பு சொல்லவேண்டியது எது என்று வேதமே வரிசைப்படுத்திக் காட்டியிருக்கிறது.

சாரயேவோ அந்த முற்றுகையில் இழந்த ஜனங்களின் எண்ணிக்கை 11,541. முற்றுகை தொடங்கி 20 ஆண்டுகள் நிறைந்தபோது, 2012 ஏப்ரல் 6 அன்று, நகரத்தின் பெரிய சாலை நெடுகிலும் 11,541 சிவப்பு நாற்காலிகளை வெறுமையாய் வரிசைப்படுத்தி வைத்தார்கள். பிள்ளைகளுக்காக வைக்கப்பட்டவை சிறிய நாற்காலிகள். வழிப்போக்கர்கள் அவற்றின்மேல் பொம்மைகளையும் பூக்களையும் வைத்துப்போனார்கள். நிலவறை மேடையில் முடிசூட்டப்பட்ட இனெலா நோகிச் உயிர்பிழைத்தார். 1997 செப்டம்பர் 23 அன்று, சமாதானம் வந்தபின், அந்த அயர்லாந்து இசைக்குழு சாரயேவோவின் கோஷெவோ விளையாட்டரங்கத்துக்கு வந்து பாடியபோது அவரும் அங்கே இருந்தார்.

எஸ்தரின் கதையில் நான் இதுவரை எழுதாமல் விட்ட ஒரு வசனம் உண்டு. அது 2:11. இந்த மாதக் குடும்ப ஜெபத்தில் அதை வாசித்துப் பாருங்கள். வளர்ப்பு மகள் கன்னிமாடத்துக்குள் கொண்டுபோகப்பட்டபின், அவளைத் திரும்பக் கொண்டுவர மொர்தெகாய்க்கு வல்லமை இல்லை. உள்ளே நுழைய அனுமதியும் இல்லை. அவளுக்கு அங்கே என்ன உடை உடுத்துகிறார்கள், என்ன தைலம் பூசுகிறார்கள் என்பதெல்லாம் அவன் கையில் இல்லை. அவன் அந்த மாடத்தின் முற்றத்துக்கு முன்பாக நாள்தோறும் நடந்து போவான், எஸ்தர் சுகமாயிருக்கிறாளா, அவளுக்கு என்ன நேரிடுகிறது என்று விசாரித்து அறிந்துகொள்வதற்காக.